கவர் ஒட்டும் வேலை

லூரீன் ஒட்டப்போன கவரின் கண்ணாடித்தாள் வழியே தெரிந்தது அவள் பெயரேதான்.

பிரித்துப் படித்தாள். செவ்வாய் காலை பத்து மணி நேர்காணலுக்கு வராததால் குடும்ப உதவித்தொகை நிறுத்தம்.

புதுச் சட்டம் வந்ததிலிருந்து, உதவி வேண்டுமென்றால் வாரம் முப்பது மணி நேரம் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும். லூரீனுக்கு வாய்த்தது அந்த உதவி அலுவலக மாடியிலேயே கவர் ஒட்டும் வேலை. முன்பு நாலு பேர் ஒட்டினார்கள். மற்ற மூவரின் கேஸையும் மூடியாயிற்று. நேர்காணல் இருப்பதே அவளுக்குத் தெரியாது; செவ்வாய் பத்து மணிக்கு அவள் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த மாத வாடகை போகாவிட்டால், இரட்டைப் பெண்களோடு நாத்தனாரின் டிரெய்லர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதைவிடப் பனியில் படுக்கலாம். கீழே, கேஸ் பார்க்கும் அதிகாரியின் ஜன்னலுக்கு ஓடினாள்.

"ஹாட்சர் சார், நான் மாடியிலதானே இருந்தேன்! ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?"

"மாடியில இருந்தா வந்ததா ஆகாதும்மா. ஜன்னலுக்கு வரணும்." அவர் தலைக்கு மேலே, ஒரே வருடத்தில் உதவி வாங்கும் குடும்பங்கள் பாதியாகக் குறைந்துவிட்டதாகப் பெருமையாக ஒரு படம் தொங்கியது. "சூப்பர்வைசர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா."

சூப்பர்வைசர் டோரிஸ் எழுதித் தரவில்லை. கையை நீட்டினாள்.

"கேஸ் மூடியாச்சுல்ல? உதவி வாங்குறவங்கதான் இங்க வேலை செய்யலாம். அடையாள அட்டையைக் கழட்டு."

மறுபடி ஹாட்சர்.

"புது மனு போடு. முதல்ல மூணு இடத்துல வேலை கேட்டுக் கையெழுத்து வாங்கிட்டு வா."

சலவைக்கடை, முதியோர் விடுதி இரண்டிலும் சுலபமாகக் கிடைத்தது. மூன்றாவதாகச் சவப்பெட்டிக் கடை. "இங்க யாரும் தானா வந்து வேலை கேக்க மாட்டாங்களே!" என்று கடைக்காரர் போலீஸைக் கூப்பிடப் போனார். லூரீன் அழுத பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

"மனு பாஸ்!" என்றார் ஹாட்சர். லூரீன் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "கடிதம் தபால்ல வரும். அதுல இருக்கற நம்பரை அடிச்சாத்தான் கார்டுல பணம் வரும்."

"கையிலயே குடுத்துடுங்களேன்."

"அதுக்கு விதியில இடமில்ல."

ஒரு வாரம் ஆயிற்று. கடிதம் வரவில்லை. வீட்டுக்காரர் இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டார். லூரீன் பனியில் நடந்தே அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் புதுக் காவலாளி டோனட் தின்றுகொண்டிருந்தான்.

"எனக்குக் கடிதமே வரலையேப்பா?"

"யாருக்குமே வரலைம்மா. மாடியில மலை மாதிரி கெடக்கு." அவன் விரலை நக்கிக்கொண்டான். "கவர் ஒட்டுற பொம்பளை ஒரு வாரமா ஆளே காணோமாம். உக்காந்து தின்னு பழகினதுங்க, வேலைக்கு வருமா?"