வெங்காயத்துக்கு வாங்கிய சாராயம்

நாலாம் வகுப்போடு நின்றவன் விஞ்ஞானத்துக்கு உதவப் போகக் கூடாது. நான் போனேன். கல்யாணம் போனது.

அப்போது பபேடான் பேட்டையில் ஒரு குடைக்கடையில் வேலை. அதே ஊரில் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் பெண் பேசியிருந்தார்கள். அடுத்த வெள்ளி நிச்சயம். பெண்ணை ஒரே தடவைதான் பார்த்திருந்தேன். அதற்கே தூக்கம் போயிருந்தது. (ஆளைப் பார், ஆசையைப் பார்.)

தங்கச்சி பத்தாவது. கடைக்கே வந்து நின்றாள்.

"நானா, சாயங்காலம் ட்யூஷன்ல வெங்காயத்துலேர்ந்து டி.என்.ஏ. எடுக்கிறோம். வெங்காயம், உப்பு, ஸ்பிரிட்டு கொண்டாரணும். ஸ்பிரிட்டு ஜில்லுன்னு இருக்கணுமாம். பாடம் நடத்துற சயாமா சொன்னாங்க."

"எடுத்து?"

"பார்ப்போம்."

"பார்த்து?"

"உங்ககிட்டப் போய்ச் சொன்னேன் பாருங்க!"

மருந்துக்கடைகளில் ஸ்பிரிட் இல்லை. கடையில் கூட வேலை பார்த்த கோ டின், "சாராயம் வாங்கு, எல்லாம் ஒரே சாமான்தான்" என்றான். வாங்கினேன். கரண்டு இல்லை. ஐஸ் கட்டி வாங்கி அதில் பாட்டிலைப் புதைத்தேன். எல்லாம் ஒரே பையில்.

வழியில் பள்ளிவாசல். அஸர் தொழுகை முடிந்து பெண்ணின் வாப்பா படியிறங்கினார். ஓடியிருக்கலாம். நின்று ஸலாம் சொன்னேன். (பெரிய மரியாதைக்காரன்.)

"என்ன தம்பி, பை ஒழுகுது?"

விரித்துப் பார்த்தார். பாட்டில். ஐஸ். வெங்காயம். உப்பு.

"யாருக்கு இது?"

"தங்கச்சிக்கு மாமா."

"தங்கச்சிக்கா!"

"அய்யோ, அவ குடிக்க மாட்டா மாமா. சயாமா கேட்டாங்க."

"சயாமா வேறயா?"

"வெங்காயத்துல ஊத்தறதுக்கு மாமா."

பக்கத்தில் நின்ற ஒருவர், "வெங்காயம் கடிச்சுக்கத்தான்னு கேள்விப்பட்டிருக்கேன். இது புதுசா இருக்கே" என்றார்.

பெண்ணின் வாப்பா சிரிக்கவில்லை. "சரி தம்பி" என்றார். மறுநாள் காலையில் ஆள் வந்தது. சம்பந்தம் வேண்டாமாம்.

சயாமாவைக் கூட்டிப் போய் விளக்கலாம் என்று தங்கச்சி அழுதாள். "ஐஸ் போட்டுக் குடிக்கிறவன்னு ஊரு பூரா சொல்லியாச்சு. இனி யாரு கேக்குறா?" என்றார் உம்மா.

சோதனையும் தேறவில்லை. சாராயத்தில் பாதி தண்ணீராம். (அதிலும் ஏமாந்திருக்கிறேன்.)

தெருவில் 'ஐஸ் பாய்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு யாரும் பெண் தரவில்லை.

தங்கச்சி இப்போது ட்யூஷன் எடுக்கிறாள். "இதுக்காக எங்க நானா ஒரு பொண்ணையே விட்டாரு" என்று அதே வெங்காயச் சோதனையைக் காட்டி வருஷா வருஷம் பிள்ளைகளிடம் சொல்கிறாள். விருந்தாளி வந்தாலும் இதே கதைதான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒருநாள் கூப்பிட்டுக் காட்டினாள். கிளாசில் வெள்ளையாக என்னவோ மிதந்தது. சளி மாதிரி.

"இதான் நானா."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

குடையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.