ஒண்டு, ரெண்டு, மூண்டு

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியபோது கையில் ஒரு பை, வாயில் ஒரே ஒரு ஜெர்மன் சொல் ('அசூல்', அடைக்கலம்). அதை வைத்துக்கொண்டு கொலோனுக்குப் பக்கத்துச் சிறுநகரம் ஒன்றில் கோப்பை கழுவி, மரக்கறிக் கடை போட்டு, வேன் வாங்கி, தமிழ்ச் சங்கமும் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளியும் உண்டாக்கினேன். ஒரு மேயர் ஆட்சியையும் கவிழ்த்தேன். அதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

பள்ளி நடந்தது ஒரு நிலக்கீழ் அறையில். சுவரெல்லாம் பூஞ்சணம், 'அ' எழுதி முடிப்பதற்குள் பிள்ளைகள் இருமத் தொடங்கிவிடும். மேயர் தேர்தல் வந்தது. ஆளும் கட்சிக்கு நின்ற ஃபிராவ் பெக்கர் அம்மையார், தான் வென்றால் பூட்டிக் கிடந்த பழைய நூலக மண்டபத்தை எங்களுக்குத் தருவதாகச் சொன்னார். தமிழர் வாக்கு முழுக்க உங்களுக்கே என்று நானும் வாக்குக் கொடுத்தேன். (ஜெர்மன் குடியுரிமை எடுத்த எங்கள் ஆட்களுக்கு இங்கே அதுதான் முதல் தேர்தல். எனக்கும்தான்.)

சங்கத்தில் வகுப்பெடுத்தேன். "ஃபிராவ் பெக்கருக்கு ஒண்டு எண்டு எழுதுங்கோ. எதிர்க்கட்சிக்காரருக்கு ரெண்டு. பச்சைக் கட்சிக்கு மூண்டு. ஆர் வந்தாலும் எங்களை மறக்கேலாது."

செயலாளர் தவம் இழுத்தான். "அண்ணை, இஞ்ச நம்பர் போடேலாதாம். ஒரு ஆளுக்கு நேரே பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடிதானாம்."

"ஊரில சனாதிபதித் தேர்தலுக்கு விருப்ப வரிசையா ஒண்டு, ரெண்டு, மூண்டு போட்டதை மறந்திட்டியே? எலெக்சன் எண்டா எங்கையும் எலெக்சன்தான். பேசாமல் இரு."

மழை நாள். என் வேனிலேயே எல்லோரையும் ஏற்றி இறக்கினேன். ஆறு மணிக்குப் பெட்டி திறந்து எண்ணுவதை யாரும் நின்று பார்க்கலாம். கோட்டுப் போட்டுக்கொண்டு முன்னால் நின்றேன். அதிகாரி ஒரு சீட்டைத் தூக்கினார். முத்து முத்தாக 1, 2, 3. 'உன்கூல்டிக்' என்று ஓரமாக வைத்தார். செல்லாது. அடுத்ததும் அப்படியே. பிறகு வந்தது என்னுடையது. ஒன்றுக்குக் கீழே அழுத்தமாகக் கோடு வேறு போட்டிருந்தேன். இவ்வளவு ஒற்றுமையான செல்லாத வாக்கைத் தான் கண்டதேயில்லை என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் வியந்தார்.

ஃபிராவ் பெக்கர் தோற்றது ஒரு வேன் கொள்ளும் வாக்குகளால். நெடுங்காலம் ஒரே கட்சியிடம் இருந்த நகரசபை கைமாறியது. மண்டபத்தை இடித்து வாகனத் தரிப்பிடமாக்கினார்கள். பிறகொரு நாள் அம்மையார் கடைக்கு வந்து ஒரு கட்டுக் கொத்தமல்லி எடுத்தார். "உங்கள் ஆட்கள் மனம் மாறிவிட்டார்கள், பரவாயில்லை" என்றார். நான் குனிந்து மிச்சக்காசு தேடினேன்.

பிள்ளைகள் அந்தப் பூஞ்சண அறையிலேயே 'ஔ' வரை இருமி முடித்தன. தவம் இன்னமும் என்னோடு பேசுவதில்லை. வீட்டில் நான் எதற்கு உறுதி சொன்னாலும் மனைவி சொல்வாள்: "இஞ்சேருங்கோ, உங்கட வாக்குச் செல்லாது." பேரப்பிள்ளைகள் ஒரே குரலில், "உன்கூல்டிக்."

இப்போது நகரசபை தன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறதாம். ஆட்சி மாறியதற்கு வேலையில்லாத் திண்டாட்டம் காரணம் என்று எழுதியிருக்கிறார்களாம். பொய். காரணம் நான். என் பெயரைப் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் 1 என்றும் போடட்டும்.