குங்குமம் வைத்த குடிதண்ணீர்க் குழாய்

நமுனுகுல, கீழ்ப் பிரிவு
2003 மார்ச் 9

பண்டாரவளையில் என் மகள் சந்திரகாந்தியோடு குடித்தனம் நடத்தும் மாப்பிள்ளை புஷ்பநாதன் அவர்களுக்கு, மாமனார் சிற்றம்பலம் சொல்லச் சொல்ல, சந்திக்கடை பலீல் முதலாளி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் மாடும் ஆத்தாள் புண்ணியத்தில் நலம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

உங்கள் சங்கத்தார் சந்தியில் கட்டிக்கொடுத்த குடிதண்ணீர்க் குழாயைச் சனம் பாவிக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். மாத முடிவில் ஐயாமார் வந்து பார்ப்பார்களாம், சனம் பாவிக்காவிட்டால் கழற்றி லுணுகலைப் பக்கம் கொண்டுபோய்விடுவார்களாம். கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. லயம் லயமாக, வீட்டுக்கு வீடு ஏறி இறங்கி, குழாய் வேண்டும் என்று கைநாட்டு வாங்கியவன் நான். முதல் கைநாட்டும் என்னுடையதுதான்.

தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்கும் அநியாயம் இந்தத் தோட்டத்துக்கு வந்த நாள் எனக்கு மறக்கவில்லை. உங்கள் கல்யாணத்துக்கு மூன்று நாள் முந்தி, செவ்வாய்க்கிழமை, மத்தியானம். பலீல் முதலாளிதான் ஒரு பெட்டி இறக்கினார். (இதை எழுத மாட்டேன் என்று இப்போது பேனையை வைத்துவிட்டார். “என்ட கடையில குந்திக்கிட்டு, என்ட பேனையாலயே என்னைய ஏசுறீங்களே பெரியவரே!” என்கிறார். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடி எழுதுகிறார்.) குடித்துவிட்டு வீசிய அந்தப் போத்தல்கள்தாம் லயத்துச் சாக்கடைக் கானை அடைத்து, போன ஐப்பசி மழையில் அழுக்குத் தண்ணீரை எங்கள் அடுப்படிக்குள் ஏற்றின. சட்டி ஒரு பக்கம் மிதக்க, உங்கள் மாமியார் இன்னொரு பக்கம் நின்று என்னை ஏசினாள், ஏதோ நான்தான் போத்தலைக் கண்டுபிடித்த மாதிரி.

குழாய் வந்ததும் நடந்த தப்பு மட்டும் என்னுடையது. புதிதாக எது வந்தாலும் பூசை போடாமல் தொடுவோமா? லொறிக்குப் போட்டோம், தையல் மிசினுக்குப் போட்டோம், கொழுந்து நிறுக்கும் தராசுக்கும் போட்டோம். அதே மாதிரி குழாய்க்கும் தேங்காய் உடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டி, தப்பு மேளமும் அடித்தோம். பூசாரி உற்சாகத்தில், அம்மன் முகத்தில் பதிக்கிற மாதிரி இரண்டு வெள்ளிக் கண்மலரையும் ஒட்டிவிட்டார்.

மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பெண்கள் குழாயைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், போய்விட்டார்கள். “குணமணி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போம்மா” என்றேன். “ஐயய்யோ, சாமிகிட்டப் போயி எச்சி வாய வைக்கச் சொல்றீங்களே! வயசான காலத்துல ஏன் மாமா ஒங்களுக்கு இந்தப் பொல்லாப்பு?” என்றாள். தாகம் எடுத்தவர்கள் முதலாளி கடையில் போத்தல் வாங்கி, குழாய்க்கு முன்னால் குடிப்பது மரியாதை இல்லை என்று முதுகைத் திருப்பி நின்று குடித்தார்கள். நானாவது குடித்துக் காட்டுவோம் என்று போனேன். கண்மலர் இரண்டும் என்னையே முறைத்தன. கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். “நான் சும்மாதான் இருக்கேன். ஒங்கட குழாயே என்ட யாவாரத்தப் பாக்குது” என்று முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பதினோராம் நாள் குணமணியின் பசு கன்று போட முடியாமல் படுத்துவிட்டது. அவள் கானில் கிடந்த ஒரு போத்தலைக் கழுவி, குழாயில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு ஓடினாள். பசு குடித்தது, கன்றும் விழுந்தது. எப்படியும் விழுந்திருக்கும், அறுபது வருடமாக மாடு பார்க்கிறவன் நான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அன்று சாயந்தரமே லயத்துச் சனம் கானுக்குள் இறங்கி ஆளுக்கொரு போத்தல் பொறுக்கிவிட்டது. இப்போது மலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அந்தத் தண்ணீர்தான் போகிறது. தீர்த்தம் வைத்த போத்தலை வீச யாருக்குத் துணிச்சல் வரும்? தீர்ந்தால் மறுபடி பிடிக்கிறார்கள். கான் சுத்தமாக ஓடுகிறது, அடுப்படி காய்ந்து கிடக்கிறது, நானும் இரண்டு வேளை நிம்மதியாகச் சாப்பிடுகிறேன்.

ஆகையால் ஐயாமார் தாராளமாக வரலாம். கண்மலரைப் பார்த்து, குழாய் கொடுத்தோமா கோயில் கொடுத்தோமா என்று கோபிக்காதபடி நீங்கள் பக்குவமாகச் சொல்லிவையுங்கள். சப்பாத்தைச் சந்தியிலேயே கழற்ற வேண்டும். ஒருவர் கையிலும் பிளாஸ்டிக் போத்தல் இருக்கவே கூடாது.

மகளும் பேரனும் வாடாமல் வதங்காமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
சிற்றம்பலம் (கைநாட்டு)

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போதுதான் முதலாளியின் முகம் ஏன் இப்படி மலர்ந்திருக்கிறது என்று விசாரித்தேன். கானில் போத்தல் தீர்ந்துவிட்டதாம். இரண்டு நாளாகப் பெண்கள் அவரிடம் புதுப் போத்தல் வாங்கி, உள்ளே இருக்கும் தண்ணீரை ரோட்டில் கொட்டிவிட்டுத் தீர்த்தம் பிடிக்கிறார்கள். பெட்டி காலி, இன்னும் இறக்கப் போகிறார். ஆகவே மாப்பிள்ளை, ஐயாமார் வெறுங்கையோடு வர வேண்டாம். பண்டாரவளை பஸ் நிலையத்தில் கிடக்கும் வெறும் போத்தல்களைப் பொறுக்கி இரண்டு சாக்கு கொண்டுவரச் சொல்லுங்கள். மூன்று என்றாலும் நல்லது.