டேப்லெட் அங்கிளும் கோலாருக்குப் போன வசந்தியும்

பெங்களூரில் ஒரு பொருளை வாங்காமலேயே அதைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்ட ஒரே மனிதர் டேப்லெட் அங்கிள்தான். இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கர்த்தருக்கும் ரேஷன் கார்டுக்கும்தான் தெரியும். லிங்கராஜபுரத்துக்கு அவர் டேப்லெட் அங்கிள்.

அவர் வீட்டு மாடியில் நான் வாடகைக்கு இருந்தேன். அங்கிள் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்தவர். ஆயுள் முழுவதும் போல்ட்டையும் நட்டையும் சந்தேகத்தோடு திருப்பித் திருப்பிப் பார்த்தவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், சந்தேகத்திலிருந்து இல்லை. கத்தரிக்காயைக் கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துதான் பையில் போடுவார்.

அவர் மனைவியை எல்லோரும் டீச்சரம்மா என்போம். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். வடை கட்டி வந்த காகிதத்தைக் கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிப்பார். அப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை வந்து கண்ணில் கைவைத்தது. புத்தகத்தின் எழுத்தெல்லாம் கலங்கலாகிவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க ஏதாவது கருவி வாங்கிக் கொடுங்கள் என்றார் டாக்டர். படிப்பதற்கென்றே வருகிற ரீடர் வாங்குவதா, சகலமும் செய்கிற டேப்லெட் வாங்குவதா? அங்கிள் விசாரணையில் இறங்கினார்.

எதிர்வீட்டு மேரியக்காவிடம் டேப்லெட் இருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள். அங்கிள் கேட்டைத் திறந்து போன அன்று நான் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நீங்க டேப்லெட் யூஸ் பண்றீங்களாமே?"

"ஆமாண்ணா. ரெண்டு வருஷமா."

"கண்ணு எரியுதா?"

"கண்ணு எரியலை. தலைதான் ஸ்வல்ப சுத்துது."

"எவ்வளவு நேரம் நிக்குது?"

"காலையில டிபனுக்கப்புறம் போட்டா ராத்திரி வரைக்கும் தாங்குதுண்ணா."

"பரவாயில்லையே. தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதா?"

"என்னண்ணா கேக்குறீங்க. தண்ணியிலதானே முழுங்குறேன்."

இதே கேள்விகளோடு அவர் அந்த வரிசையில் இருந்த எல்லா வீட்டுக்கும் போனார். எல்லா வீட்டிலும் பிரஷருக்கும் வாயுவுக்கும் டேப்லெட் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் இரண்டு பாட்டிமார் அவரை மடக்கி, "சும்னே, சும்மா பார்த்துச் சொல்லுங்க டாக்டர்" என்று முழங்காலைக் காட்டினார்கள். பெயர் அன்றைக்கு ஒட்டியது.

ஊராரை நம்பிப் பயனில்லை என்று தெரிந்ததும் சொந்தப் பரிசோதனை தொடங்கியது. என் டேப்லெட்டையும் என் ஆபீஸ் நண்பனின் ரீடரையும் இரவல் வாங்கினார். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் வைத்துப் படித்தார். டேப்லெட்டில் அவர் முகம்தான் தெரிந்தது. ரீடரில் எழுத்து தெரிந்தது. அடுத்தது அவரே கண்டுபிடித்த மூக்கு டெஸ்ட். "டீச்சர் படுத்துக்கிட்டுத்தான் படிப்பா. தூக்கம் வந்தா மூஞ்சியிலதானே விழும்" என்று மல்லாந்து படுத்து, கருவிகளைத் தன் மூக்கின் மேல் ஒவ்வொன்றாக விட்டார். ரீடர் பூப்போல விழுந்தது. டேப்லெட் டேப்லெட்டாகவே விழுந்தது. அடுத்த பூசைக்கு அங்கிள் மூக்கில் பிளாஸ்திரியோடு வந்தார். சபையார் டீச்சரம்மாவைப் புது மரியாதையோடு பார்த்தார்கள்.

"அப்ப ரீடர்தானே அங்கிள்?" என்றேன்.

"ரீடர் பாஸ்தான். ஆனா அதுல கலர் இல்லையே தம்பி. ஒரே பேஜாரா இருக்கு. பார்ப்போம்."

பார்ப்போம், பார்ப்போம் என்று மாதங்கள் போயின. இடைக்கால ஏற்பாடாக, மாலை ஜெபம் முடிந்ததும் அங்கிளே டீச்சரம்மாவுக்குக் கதை வாசித்தார். பழைய தொடர்கதைகளைப் பிரித்துத் தைத்து பைண்டு பண்ணின புத்தகங்கள் அவர்கள் வீட்டில் நிறைய உண்டு. அங்கிளின் குரல் மாடிவரை கேட்கும். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று புரிந்தது. அவர் வாசிக்கும் கதைகளில் யாருமே சாவதில்லை. தூக்குத் தண்டனைக் கைதி மேல்முறையீட்டில் விடுதலையானான். கிணற்றில் குதித்தவளுக்கு நீச்சல் தெரிந்திருந்தது.

வசந்தி என்ற பெண்ணின் கதையில்தான் அவர் மாட்டிக்கொண்டார். காசநோயில் கிடந்த வசந்தியைக் கஷாயம் கொடுத்துப் பிழைக்க வைத்துவிட்டார். அடுத்த அத்தியாயத்தில் எல்லோரும் கூடி அழுகிறார்கள். அங்கிள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வசந்தி கோலார் தங்கவயல்ல அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. அதான் எல்லாருக்கும் வருத்தம்" என்றார்.

"அவ போட்டோவுக்கு மாலை போட்டிருக்குன்னு இப்பத்தானே வாசிச்சீங்க?"

"ஊருக்குப் போறப்ப போட்டது."

மறுநாள் டீச்சரம்மா மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நான் பரீட்சைப் பேப்பர் திருத்தினவ. எது புத்தகத்துல இருக்கு, எது பையன் இட்டுக்கட்டினதுன்னு எனக்குத் தெரியாதா? எப்படியாவது அந்த மெஷினை வாங்க வை. வசந்தி செத்தாளா பொழைச்சாளான்னு நானே படிச்சுத் தெரிஞ்சுக்கணும்."

அங்கிளிடம் நேராகவே கேட்டேன். அவர் மூக்கைத் தடவிக்கொண்டார்.

"போன வருஷம் அவளை ஐசியூவுல வச்சிருந்தாங்க தம்பி. நான் வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். இப்ப அவ முன்னால உட்கார்ந்து அந்த வார்த்தையை எப்படி வாசிக்கிறது?"

மனிதர் கலருக்காகக் காத்திருக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஒருவழியாகக் கமர்ஷியல் தெருவில் ஒரு கடைக்கு அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் டேப்லெட்டை எடுத்து, "இதுல நீங்க படிக்கவே வேணாம் சார், இதுவே வாசிக்கும்" என்று ஒரு செய்தியைத் தட்டினார். ஒரு பெண் குரல் கிளம்பியது. பேருந்து கவிழ்ந்தது, பலர் பலி, நாளை மிதமான மழை என்று மூன்றையும் ஒரே மூச்சில், ஒரே தொனியில் சொல்லி முடித்தது. அங்கிள் முகம் கறுத்துவிட்டது.

"என்னங்க இவ, பாவ புண்ணியம் பார்க்காம படிக்கிறா. ரீடர் பேசுமா?"

"பேசாது சார்."

"அதையே கொடுங்க."

இத்தனை மாத ஆராய்ச்சிக்கும் தீர்ப்பு இப்படித்தான் வந்தது. வெயிலும் மூக்கும் சும்மா சாட்சிகள்.

டீச்சரம்மாவுக்கு ரீடர் பிடித்துப்போயிற்று. எழுத்தை ஆனமட்டும் பெரிதாக்கிக்கொண்டார். வசந்தியின் கதை அதிலும் கிடைத்தது. அது பெங்களூர் மொச்சையான அவரேக்காயின் சீசன். நான் சாம்பார்ப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் கடைசிப் பக்கங்களில் இருந்தார். அங்கிள் தரையில் உட்கார்ந்து அவரேக்காய் உரித்துக்கொண்டிருந்தார். உரித்த தோலைப் பாத்திரத்திலும் பருப்பைக் குப்பையிலும் போட்டுக்கொண்டிருந்தார்.

டீச்சரம்மா ரீடரை மூடிவைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுதா டீச்சர்?" என்றார் அங்கிள், தலையைத் தூக்காமல்.

"முடிஞ்சுது."

"வசந்தி?"

டீச்சரம்மா குப்பையில் கிடந்த பருப்பைப் பார்த்தார். "கோலார்ல, அக்கா வீட்டுல சௌக்கியமா இருக்காளாம். நீங்க சரியாத்தான் வாசிச்சிருக்கீங்க" என்றார். பிறகு, "எனக்குக் கண்ணு வலிக்குது. அடுத்த கதையை நீங்களே வாசிங்க" என்று ரீடரை நீட்டினார்.

கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அங்கிள் வாங்கிக்கொண்டார். அன்று மாலை முழுக்க மாடிக்குக் குரல் கேட்டது. அந்தக் கதையில் பெரிய வெள்ளம் வந்தது. எல்லோரும் மரத்தில் ஏறித் தப்பித்துக்கொண்டார்கள்.

நான் கல்யாணமாகி அடுகோடிப் பக்கம் குடிபோய்ப் பல வருடமாகிறது. போன கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு லிங்கராஜபுரம் போனேன். டீச்சரம்மா மட்டும் இருந்தார். மேஜையில் ஒரு புது டேப்லெட், அந்தப் பெண் குரலில் ஏதோ கதை வாசித்துக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் வாசிக்குது தம்பி. ஒரு வரி விடுறதில்லை" என்றார். "ஆனா செத்தவங்களைச் செத்தவங்கன்னே சொல்லிடுது."

சுவரில் அங்கிளின் படம் இருந்தது. மூக்கில் பிளாஸ்திரி இல்லை. மாலை இருந்தது.

படத்தை நான் பார்த்துவிட்டேன். ஆனாலும் அந்த வார்த்தையை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. டேப்லெட் அங்கிள் கோலாரில், வசந்தியின் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார்.