கறுப்புக் கம்பளி வைத்தியம்

காலை ஏழு மணிக்கே லாரி நிறுத்தத்தில் வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. சரக்கு ஏற்றுவதற்காக நின்ற வரிசை என்று நினைத்துவிடாதீர்கள். தக்காளி ஏற்றிய வண்டிகளும் அதில் நின்றன. தக்காளி அழுகட்டும், ஆவி தொலைந்தால் சரி. எல்லாம் கைராசியாரைப் பார்க்க வந்த கூட்டம்.

அங்கிருந்த வண்டிகள் எல்லாமே பெட்ரோலில் ஓடும் பழைய சின்ன லாரிகள். வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. இன்ஜினில் கோளாறு வந்தால் அது எரியும். அதைச் செய்து வைத்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். பாவம், வெறும் பொறியாளர்கள், அவர்களுக்கு என்ன தெரியும்? கைராசியார்தான் கண்டு சொன்னார்: ரோட்டில் அடிபட்டுச் செத்தவர்களின் கண்ணாம் அது. கண் திறந்தால் வண்டி குலுங்கும். கண்ணை மூடிவிட்டால் தீர்ந்தது.

மூடுவதற்கும் முறை இருந்தது. எல்லோரும் பத்தடி தள்ளி, திரும்பி நின்று, நூறிலிருந்து ஒன்று வரை உரக்க எண்ண வேண்டும். தப்பினால் முதலிலிருந்து. கைராசியார் கேபினில் ஏறி, ஸ்டியரிங்கோடு சேர்த்துத் தன்னையும் ஒரு கறுப்புக் கம்பளியால் போர்த்திக்கொள்வார். இறங்கி வந்ததும் வண்டியை ஸ்டார்ட் பண்ணினால், மஞ்சள் விளக்கு இருக்காது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

காசை அவர் கையால் தொடமாட்டார். அவ்வளவு பற்றற்றவர். வண்டியில் இருக்கும் ஸ்டெப்னியை மட்டும் எடுத்துக்கொள்வார். சும்மா கிடக்கிற சக்கரத்தில்தான் ஆவி வந்து உட்காருமாம். அவர் கூடாரத்துக்குப் பின்னால் டயர்கள் ஆளுயரத்துக்குக் குவிந்தன. வாரம் ஒரு முறை ஒரு வண்டி வந்து அள்ளிப் போகும். அதே வாரம் பெரிய ரோட்டு டயர் கடையில் பழைய ஸ்டெப்னி மலிவாகக் கிடைக்கும். கைராசியாரிடம் கொடுத்தவர்களே அங்கே போய் வாங்கிவந்து, "என்ன மலிவு, எல்லாம் அவர் புண்ணியம்" என்று சிலாகித்தார்கள்.

இதுவரை முப்பது வண்டிகள் குணமாகியிருந்தன. முப்பதாவது வண்டி லிஃப்ட்காரியின் புருஷனுடையது.

அவள் வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. கட்டிக்கொண்டவன் லாரி ஓட்டுகிறான். குணமான அன்று சாயங்காலம் அவளும் வண்டியில் போனாள். விளக்கு எரியவில்லை, குலுக்கல் மட்டும் அப்படியே இருந்தது. எரியாத பெட்ரோல் வாடை மூக்கைப் பிடுங்கியது. மேம்பாலம் ஏறுவதற்குள் வண்டி மூன்று தடவை முக்கியது.

"ஏங்க, விளக்குதான் அணைஞ்சிருக்கு. இன்ஜின் விட்டு விட்டு ஓடுற மிஸ்ஸிங் நிக்கலியே."

"ஆவி போனாலும் அசதி போக ரெண்டு நாள் ஆகும்னு சொன்னாரு."

"நாளைக்கு ரெண்டு டன் கூரை ஓடு ஏத்திக்கிட்டு மலை ஏறப்போறீங்க. நடுவழியில நின்னு பின்னால உருண்டா யாரு பதில் சொல்றது?"

"நல்லது நடக்கும்போது அபசகுனமா பேசாத."

வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவள் இன்ஜினை அணைத்து, சாவியை மறுபடி பாதி மட்டும் திருப்பினாள். ஸ்டார்ட் ஆவதற்கு முன் எல்லா விளக்கும் ஒரு முறை எரிந்து காட்ட வேண்டும். எது உயிரோடு இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். லிஃப்டிலும் அதே ஏற்பாடுதான். சிவப்பு எரிந்தது, பச்சை எரிந்தது. மஞ்சளைக் காணோம். டாஷ்போர்டு பலகைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். பல்பு மாட்டும் குழி காலியாக இருந்தது.

"பாருங்க, பல்பே இல்லை."

புருஷன் எட்டிப் பார்த்தான். "ஆவி போகும்போது பல்பையும் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றான்.

பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள். இவனிடம் பேசிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். பயத்தைவிடக் கோபம் அதிகமாக வந்தது. மறுநாள் மலைக்குக் கிளம்பும் முன் ஊர் பார்க்க இதை முடித்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

அதனால்தான் இந்தக் காலையில் குணமான வண்டி மறுபடி வரிசையில் நின்றது. பழைய குழியிலிருந்து நீளமாக ஒயர் இழுத்து, ஜன்னல் வழியாக வெளியே கொண்டுவந்து, புதுப் பல்பு ஒன்றை வைப்பரில் கட்டியிருந்தாள். வண்டி ஸ்டார்ட் ஆனதும் குலுங்கியது. பல்பு எல்லோர் முன்னாலும் மினுக் மினுக்கென்று மின்னியது.

"ஐயா, கண்ணு திரும்பவும் திறந்துடுச்சு. கொஞ்சம் மூடி விடுங்க."

கைராசியார் ஒயரைப் பார்த்தார். "இது என்னம்மா?"

"அதே விளக்குதான். கழுத்தை மட்டும் கொஞ்சம் நீட்டியிருக்கேன். உள்ள இருந்தா உங்க பெருமை யாருக்குத் தெரியுது? இன்னைக்கு எல்லாரும் பாத்துக்கிட்டே எண்ணட்டும்."

கூட்டத்துக்கு இது பிடித்துப்போனது. "ஆமாய்யா, நாங்களும் கண்ணால பாக்குறோம்" என்று குரல்கள் எழுந்தன. மூத்த டிரைவர் ஒருவர், கைராசியாரின் முதல் பக்தர், பரவசத்தோடு கேபினில் ஏறினார். "ஒயர் கழண்டுடாம நான் புடிச்சுக்கிறேன்" என்று உட்கார்ந்துகொண்டார். பக்தியை மறுக்க முடியுமா? கைராசியார் இருவர் மேலும் கம்பளியைப் போர்த்தினார்.

நூறு, தொண்ணூற்றொன்பது என்று எண்ணிக்கை இறங்கி ஒன்றில் வந்து நின்றது. பல்பு மின்னியது.

"நம்பிக்கை இல்லாதவங்க யாரோ நிக்கிறாங்க" என்றது கம்பளி.

"நான்தான்" என்று லிஃப்ட்காரி கேட்டுக்கு வெளியே போய் நின்றாள். மறுபடி நூறு. ஐம்பது தாண்டும்போது கம்பளி பொங்கியது, சரிந்தது. உள்ளிருந்து மூத்த டிரைவரின் குரல் கேட்டது.

"ஐயா, ஒயரை ஏன் இழுக்குறீங்க? விடுங்க. ஐயா, அது என் விரல். கையில எதுக்கு இந்த ஸ்க்ரூடிரைவர்?"

எண்ணிக்கை நின்றது. யாரோ கம்பளியை உருவினார்கள். ஒரு கையில் ஸ்க்ரூடிரைவரும் மறு கையில் டிரைவரின் கட்டை விரலுமாக உட்கார்ந்திருந்தார் கைராசியார். வைப்பரில் பல்பு மின்னிக்கொண்டே இருந்தது. அதற்குப் பக்தியும் இல்லை, பயமும் இல்லை.

லிஃப்ட்காரி திரும்பி வந்தாள். "குணமான வண்டிக்காரங்க எல்லாரும் போய் சாவியைப் பாதி திருப்புங்க. அப்புறம் பலகைக்குப் பின்னால கையை விட்டுப் பாருங்க."

இருபத்தொன்பது பேர் போனார்கள். இருபத்தொன்பது குழிகள் காலி. மூத்த டிரைவர் கைராசியாரின் இடுப்புப் பையை அவிழ்த்து பானட் மேல் கொட்டினார். பொட்டுப் பொட்டாக முப்பது பல்புகள் உருண்டன.

"அதெல்லாம் ஆவிங்களோட கண்ணு. பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்" என்றார் கைராசியார். அந்த நேரத்திலும் தொழிலை விடவில்லை பாருங்கள். பிறகு தன் டயர் மலையைச் சுற்றி ஒரு ஓட்டம். நாலு பேர் துரத்திப் பிடித்து, அதே மலை மேல் உட்கார வைத்தார்கள்.

லிஃப்ட்காரிக்கு இன்ஜின் வேலை தெரியாது. தெரியாது என்று சொல்லத் தெரியும். எதிர்ப்பக்கம் ஆறு மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் அவள் புருஷனின் வண்டியில் கோளாறு படிக்கும் கருவியைச் செருகினார். மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்றது. அந்த சிலிண்டருக்குத் தீப்பொறி கொடுக்கும் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டி, முதலில் இருந்ததை மூன்றில் மாட்டினார். இப்போது முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்றது கருவி.

"காயில் போற இடத்துக்கெல்லாம் கோளாறும் போகுது. அப்போ குத்தம் காயில்மேலதான்" என்றார். புதுக் காயில் ஏறியது. வண்டியில் பதிவாகியிருந்த பழைய கோளாறை அழித்தார். சாவியைத் திருப்பியதும் மஞ்சள் பல்பு எரிந்து காட்டியது. வண்டி குலுங்காமல் ஓடத் தொடங்கியதும் தானாக அணைந்தது.

புருஷன் கழற்றிப் போட்ட பழைய காயிலைக் கையில் எடுத்துப் பார்த்தான். "மலையில நின்னிருந்தா..." என்று இழுத்தான். அவளுக்குக் கண் கலங்கியது. திட்டவும் தோன்றியது. "போய் உங்க ஸ்டெப்னியை எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

அப்போது மூத்த டிரைவர் வீங்கிய விரலோடு வந்து கைகூப்பினார். "அம்மா, உன் கை ரொம்ப ராசியான கைம்மா. என் வண்டியையும் ஒரு தடவை தொட்டுக் குடுத்துடு." அவருக்குப் பின்னால் வரிசை உருவாகிவிட்டது. ஒருவன் அந்தக் கறுப்புக் கம்பளியை உதறி, பதவிசாக மடித்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினான்.

அவள் அதை வாங்கவில்லை.

"என் கையைத் தேடி வராதீங்க அண்ணே. கழுத்துக்கு மேல ஒண்ணை இத்தனை வருஷமா சும்மா சுமந்துக்கிட்டுத் திரியறீங்களே, முதல்ல அதுக்கு வேலை குடுங்க."