செத்தவர்கள் கடைசியில் போய் நிற்கவும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். உங்கள் அக்காவும் நலம், அவள் முழங்காலுக்குத்தான் கொஞ்சம் கோபம். அங்கு நீங்களும் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்; இல்லையென்றாலும் இந்தக் கடிதம் முடியும்வரை சமாளித்துக்கொள்ளவும். போன முறை வந்தபோது எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டே, "அத்தான், உங்களுக்கு டிவி ரிமோட்ல சத்தம் கூட்டவே தெரியாது, உங்களுக்கு எதுக்கு கம்ப்யூட்டர் விளையாட்டு?" என்று கேட்டுச் சிரித்தீர்களே, அந்தச் சிரிப்புக்கு இதுதான் பதில். நான் ஜெயித்துவிட்டேன், மச்சான். சும்மா இல்லை, ஊரே ஆர்ப்பரிக்க ஜெயித்தேன்.

நான் ஏன் இதில் இறங்கினேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். வேலைக்காகத் தூரதேசம் போன எங்கள் பாப்பா நாள் தவறாமல் போன் செய்கிறாள், குறை சொல்லக் கூடாது. "சாப்டீங்களாப்பா?" "சாப்டேன்மா, நீ?" "சாப்டேன். வேற என்ன?" வேற என்ன என்று நான் யோசிப்பதற்குள், "சரிப்பா, வச்சிடட்டுமா?" அவ்வளவுதான். பெற்ற பிள்ளையிடம் பேச எனக்கு ஒரு விஷயம் இல்லாமல் போச்சே என்று வைத்த போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவளைப் போனை வைக்கவிடாமல், "சாயங்காலத்துல என்னம்மா பண்றே?" என்று கேட்டேன். இந்த விளையாட்டைச் சொன்னாள். "அதுல ஆத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு வீடு இருக்குப்பா. நீலக் கூரை. வாசல்ல பூசணிக்கொடி போட்டிருக்கேன்." சொல்லும்போதே குரலில் ஒரு துள்ளல். அந்த வீட்டு வாசலில் போய் நின்று "வீட்ல யாரும்மா?" என்று கூப்பிட்டே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அவளிடம் மூச்சு விடவில்லை.

உள்ளே நுழையும்போதே வம்பு. பெயர் கேட்டது. எதைக் கொடுத்தாலும் அந்தப் பெயர் வேறொருவருக்கு ஆகிவிட்டது என்றது. கடுப்பில் "ஆளைவிடு" என்று தட்டினேன். அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது. ஆக அந்த உலகத்தில் என் பெயர் ஆளைவிடு. இடுப்பில் ஒரு துணி, கையில் ஒரு குச்சி, ஒரு கிணற்றடியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எதிரே ஆறு, அதன்மேல் பாலம். பாலத்தில் கறுப்பு இரும்புச் சட்டை போட்ட சிலர் விறைப்பாக நின்றார்கள். நான் ஆயுசுக்கும் ஆஸ்பத்திரி வெளிநோயாளிப் பிரிவு வாசலில் டோக்கன் கூப்பிட்டவன் இல்லையா, வாசலில் நிற்பவன் என்றால் வாசல்காரன் என்றே நினைத்துவிட்டேன். நேரே போய், "வணக்கம் சார், சீட்டு எங்க வாங்கணும்?" என்று மரியாதையாகத் தட்டினேன். தலையைச் சீவிவிட்டான். கண் விழித்தால் மறுபடி கிணற்றடி. தப்பான கவுன்டரில் நின்றுவிட்டோம் போல என்று அடுத்தவரிடம் போய் அதே வணக்கத்தைச் சொன்னேன். அவரும் சீவினார்.

அப்புறம்தான் விசாரித்தேன். அவர்கள் காவல்காரர்களும் இல்லை, கழுதைகளும் இல்லை. நம்மைப் போலவே விளையாட வந்த பழைய ஆட்கள். வேறு வேலை இல்லாமல், புதிதாக வருகிறவர்களைப் பாலம் தாண்டவிடாமல் கொல்வதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். அதற்குத் தலைவன் ஒருவன், தேள் போட்ட முகமூடியோடு. பெயர் கருந்தேள். ஒவ்வொருவரைக் கொன்ற பிறகும், "புழுவே, போய்த் தூங்கு" என்று எழுதிக் காட்டுவான். கிணற்றடியில் எழுந்த முக்கால்வாசிப் பேர் அப்படியே விளையாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் எழுந்த அம்மா நிஜத்தில் தையல்கடை வைத்திருப்பவராம். "கடையை மூடிட்டு நிம்மதியா நாலு மரம் வெட்டலாம்னு வந்தேன். இங்க என்னையே வெட்டுறானுங்க. போதும்பா, நான் கிளம்புறேன்" என்றார். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, மச்சான். என் பிள்ளை வீட்டுக்குப் போகும் வழியை மறிக்க இவன் யார்?

"அம்மா, கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்து கவனித்தேன். நம் ஆட்கள் கும்பலாக ஓடுகிறார்கள், கும்பலாகச் சாகிறார்கள். பிறகு இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில்தான் கருந்தேள் கூட்டம் நிதானமாகக் கத்தி தீட்டிக்கொள்கிறது, ஏனென்றால் வெட்ட வெட்ட அந்தக் கத்தி தேய்கிறது. செத்தால் மேலே போட்டிருப்பதெல்லாம் கீழே விழுந்துவிடும் என்பதும் அங்கே ஒரு சட்டம். அவர்களுக்குத்தான் விழுவதற்குச் சொத்து உண்டு. நமக்கு என்ன? துணியும் குச்சியும், கிணற்றடியில் இலவசம். அப்படியென்றால் இடைவெளியே விடாமல் போனால்?

எழுதினேன்: "எல்லாரும் வரிசையா வாங்க! யாரும் முந்தாதீங்க! செத்தவங்க கடைசியில போய் நில்லுங்க!"

என்ன மாயமோ, நின்றார்கள். முதல் ஆள் போனார், செத்தார், எழுந்தார், வாலில் போய் நின்றார். அதற்குள் அடுத்தவர். ஒருவர், "எனக்கு ஒரே ஒரு வெட்டுதாங்க, சட்டுனு முடிஞ்சிரும், முன்னாடி விடுங்க" என்றார். ஆஸ்பத்திரியில் "டாக்டர்கிட்ட ஒரு சந்தேகம் மட்டும்" என்று கேட்ட எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! "போங்க சார் பின்னாடி" என்றேன். "எனக்கு அப்புறம் செத்தவர் எனக்கு முன்னாடி நிக்கிறாரு" என்று ஒரு பஞ்சாயத்து, அதையும் தீர்த்துவைத்தேன். உங்கள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனாள். வரிசை மட்டும் அறுபடவில்லை. முதலில் சிரித்துக்கொண்டே வெட்டியவர்கள், பிறகு சிரிக்காமல் வெட்டினார்கள், பிறகு ஒருவன் கத்தி இரண்டாகப் போனது. ஒவ்வொருவனாக நழுவினான். கருந்தேள் மட்டும் ஓடவில்லை. கத்தி உடைந்தும் வெறுங்கையோடு நின்றான். அதற்கு ஒரு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். தையல்காரம்மா குச்சியை ஓங்கி முதல் அடி போட்டார். அப்புறம் வரிசைப்படி எல்லாரும். கடைசி அடி என்னுடையது. "புழு இன்னும் தூங்கலை" என்று எழுதத் தொடங்கினேன். எழுத்துகளைத் தேடி முடிப்பதற்குள் அவன் செத்தே போய்விட்டான்.

விழுந்த சொத்தை வரிசை முறையிலேயே பங்கிட்டேன். கருந்தேளின் காலணி எனக்கு. போட்டால் காற்றாய்ப் பறக்கலாம். எல்லாரும் பாலம் தாண்டினோம். தையல்காரம்மா அந்தக் கரையில் ஒரு மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு, "அழுகையா வருதுங்க" என்று எழுதினார். எனக்கும்தான் வந்தது. பாப்பா வீட்டைத்தான் காணவில்லை. ஆற்றோரம் நீலக் கூரை வீடு ஒன்று இருந்தது. ஆனால் வாசலில் பூசணிக்குப் பதில் மண்டையோடாகக் குவித்திருந்தது. நமக்கெதற்கு என்று நகர்ந்துவிட்டேன். நாளை தேடுவேன். கருந்தேளை ஒழித்தவனுக்கு ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயமா?

தங்கைக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் வீட்டில் விளக்கும் வைஃபையும் என்றும் அணையாதிருக்க ஆசீர்வதிக்கும்,

அத்தான்
(பழைய டோக்கன், புதிய தளபதி)

பி.கு. கடிதத்தை உறையில் போடும்போது பாப்பா போன் செய்தாள். "சாப்டீங்களா" கூடக் கேட்கவில்லை. ஒரே அழுகை. "அப்பா, இன்னிக்கு என்னை அடிச்சே கொன்னுட்டாங்கப்பா! வரிசையில நின்னு, டோக்கன் போட்ட மாதிரி! எல்லாத்துக்கும் காரணம் ஒரு கிழம், எழுத்துத் தட்டுற வேகத்துலயே தெரியுது. பேரைப் பாருங்க, ஆளைவிடாம்!" "அந்த மண்டையோட்டு வாசல் உன்னுடையதாம்மா?" என்று கேட்டேன். பூசணித் தோட்டம் பொய்யாம். நாம் என்ன நினைப்போமோ என்று அப்படிச் சொன்னாளாம். "அந்தக் கிழம் நான்தான்மா" என்றேன். "நீங்களாப்பா?" என்றாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், உங்கள் அக்கா அடுக்களையிலிருந்து ஓடிவந்துவிட்டாள். போன் சூடாகி, கை மாற்றி, காது மாற்றிப் பேசினோம், மச்சான். நீ செய்தது அநியாயம் என்று நானும் திட்டினேன், வாங்கிக்கொண்டாள். ஆகவே மேலே நான் ஒழித்ததாக எழுதிய கொடியவனைக் கோடு போட்டு அடித்துவிடவும், அது நம்ம வீட்டுப் பிள்ளை. காலணியை மட்டும் திருப்பிக் கேட்டாள். "எனக்கு அதெல்லாம் குடுக்கத் தெரியாதும்மா, நீ நேர்ல வந்து காட்டிக் குடு" என்றேன். தெரியும், சொல்லவில்லை. லீவு போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வருகிறாள். உங்கள் அக்கா அப்போதிலிருந்து என்னை நச்சரிக்கிறாள்: "புள்ளையோட செருப்பை எங்கே வச்சிருக்கீங்க? எடுங்க, அவ வர்றதுக்குள்ள துடைச்சு வைக்கிறேன்."