ஜபம் செய்யும் தேவதை

பூச்சாமியார் வீட்டு வாசலில் தொடங்கிய கூட்டம் தெருமுனை வரை நின்றது. எல்லார் கையிலும் பூக்காத துலிப் கிழங்கு. குளிர் எட்டியே பார்க்காத ஊரில் குளிர்நாட்டுச் செடியை நட்டுவிட்டு, பூக்கவில்லையே என்று ஒப்பாரி வைத்த அத்தனை பேரும் படித்தவர்கள்தான், பாவம்!

சாமியார் கிழங்கை வாங்கித் தவ அறையில் பூட்டுவார். நூறு நாள் கழித்துத் தருவார். நட்டால் பூக்கும். காணிக்கையாக வளையலோ மோதிரமோ கழற்றினால் போதும். தேவதைக்கு நகை என்றால் கொள்ளை ஆசையாம்!

பூக்காததற்குக் காரணமும் சொல்வார். அது எப்போதும் மருமகள்தான். மாமியார் ஒருநாளும் இல்லை. காணிக்கைக்கு வளையலைக் கழற்றுகிறவள் மாமியாராயிற்றே.

அன்று மாமியாரோடும் புருஷனோடும் வந்து நின்ற மருமகள் ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்.

"இவ காலடி பட்டதிலேருந்து தோட்டமே மலடாப் போச்சு சாமி" என்றாள் மாமியார்.

சாமியார் கண்ணை மூடினார். "பூக்குற வரைக்கும் இவ பொறந்த வீட்டுல இருக்கட்டும். பூக்கலைன்னா பையனுக்கு வேற எடம் பாரு."

மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். ஒரு கிழங்குக்காகக் குடித்தனமே போகிறது, இவன் தரையில் எதைத் தேடுகிறான்?

"கேளுங்க! உள்ள தேவதை ஜபம் பண்றா" என்றார் சாமியார்.

தவ அறையிலிருந்து 'ம்ம்ம்' என்று ஓசை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. டக்! ஓசை நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி டக், மறுபடி ம்ம்ம். பத்து வருஷமாக அந்த டக்கோடு மல்லுக்கட்டுகிறவளுக்குத் தெரியாதா?

"சாமி, ஜபம் பண்ண தேவதைக்கு கரண்ட் வேணுமா?"

"அபசாரம்! அவ தானாப் பண்றா."

"அப்ப சரி" என்று வாசல் சுவரிலிருந்த மெயின் சுவிட்சை அணைத்தாள். தேவதை கப்சிப்.

"அடிப்பாவி, கிழங்கெல்லாம் கெட்டுடும்டீ!" என்று தன்னை மறந்து அலறினார் சாமியார்.

கூட்டம் கதவைத் தள்ளியது. உள்ளே நாலு ஃப்ரிட்ஜ். முட்டைத் தட்டுகளில் கிழங்குகள், ஒவ்வொன்றிலும் வீட்டு எண். மேல்தட்டில் சாமியாரின் ஐஸ்கிரீம்.

"துலிப் பூக்கணும்னா மூணு மாசம் குளிர் வேணும். நம்ம ஊர்ல அது இல்ல. உங்க வீட்டு ஃப்ரிட்ஜுல இருக்கு, சும்மாவே" என்றாள்.

"எந்தக் கம்பெனி ஃப்ரிட்ஜுல தேவதை வருவாம்மா?" என்று பக்தியோடு கேட்டது ஒரு குரல்.

தலையில் அடித்துக்கொண்டாள். சிலர் சாமியாரின் மடியில் கைவிட்டு வளையல் தேடினார்கள்.

மாமியார் குழைந்தாள். "சரி, வாம்மா, வீட்டுக்குப் போலாம்." புருஷன் இப்போதுதான் நிமிர்ந்தான்.

"நீங்க போங்க அத்தை. நான் எங்கம்மா வீட்டுக்குத்தான் போறேன். மூணு மாசத்துல கிழங்கு முழிச்சிக்கும். அதுக்குள்ள உங்க புள்ளை சொந்தமா யோசிக்க ஆரம்பிச்சா, வந்து கூப்பிடச் சொல்லுங்க."